இளகாமை பாராட்டாகுமா?



ஆங்கில பாட வேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுப்பிய ஐயமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. நாளேட்டில் வெள்ளச் செய்தி ஒன்றை வாசித்த அவள், பெய்த மழைக்கு அடைமொழியாக ‘ரிலெண்ட்லெஸ்’ என்ற ஆங்கிலச் சொல் வந்திருக்கக் கண்டாள். அதே வாரத்தில் அவளுடைய அண்ணன் இடைநிலைப்பள்ளியில் ஓட்டப் பந்தயத்திற்காகப் பெற்று வந்த நற்சான்றிதழிலும் அவனது முயற்சிக்கு அதே அடைமொழி தரப்பட்டிருந்தது. “மழை ஊரைக் கெடுத்தது, அண்ணன் பரிசு வாங்கினான். இரண்டுக்கும் ஒரே சொல்லா, ஐயா?” என்று அவள் கேட்டாள்.

கேள்வி சிறியது, ஆயினும் அதனுள் பெரிய செய்தி அடங்கியிருக்கிறது. அண்மைக் காலமாக இச்சொல் நம் மேடைகளிலும் சான்றிதழ்களிலும் துணைப்பாட வகுப்பு விளம்பரங்களிலும் தாராளமாகப் புழங்கி வருகிறது. ஆங்கிலம் அறிந்தவர் சொல்லக் கேட்டு, அறியாதவரும் அதனை ஒரு பதக்கம்போல் பிள்ளைகளின் நெஞ்சில் குத்தி மகிழ்கின்றனர். அச்சொல்லின் பிறப்பும் இயல்பும் யாவை என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

‘ரிலெண்ட்’ என்பது வினை. ‘லெஸ்’ என்பது இன்மையைக் காட்டும் இறுதி. இவ்வினையின் வேர் இலத்தீன் மொழியில் உள்ள ‘லெண்டுஸ்’ என்னும் சொல். வளைந்து கொடுக்கும் கொடிக்கும், கையில் ஒட்டி இழுபடும் பிசினுக்கும், மெல்ல நகரும் பொருளுக்கும் இலத்தீன் மக்கள் அச்சொல்லை வழங்கினர். அவர்கள் நம் பால்மரத்தின் பாலைக் கண்டிருந்தால் அதனையும் ‘லெண்டுஸ்’ என்றே சொல்லியிருப்பர் என்று எண்ணி நான் சிரித்துக்கொள்வதுண்டு. ஆங்கிலத்திற்கு வந்தபோது ‘ரிலெண்ட்’ என்பது முதலில் பொருள்கள் வெப்பத்தால் உருகுவதையும் ஈரத்தால் நெகிழ்வதையும் குறித்தது. பின்னர் மனம் நெகிழ்வதற்கு ஆகி வந்தது. சினம் தணிந்தவன், தண்டனையைக் குறைத்தவன், பிடிவாதம் விட்டவன் ஆகியோர் ‘ரிலெண்ட்’ செய்தவர் ஆயினர். அவ்வாறு செய்யாதவனே ‘ரிலெண்ட்லெஸ்’.

இவ்வளவு தூரம் இலத்தீனுக்குப் போய் நாம் அறியும் இதே மாற்றம் நம் தாய்மொழியிலும் நிகழ்ந்திருக்கிறது. ‘இளகுதல்’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். அடுப்பருகே வைத்த வெல்லம் இளகுகிறது. மெழுகு இளகுகிறது. அழுகின்ற குழந்தையைக் கண்ட தாயின் மனமும் இளகுகிறது. பொருளுக்கும் மனத்திற்கும் ஒரே வினை. ஆதலால் ‘ரிலெண்ட்லெஸ்’ என்பதற்கு ‘இளகாத’ என்பதே என் கருத்தில் மிகப் பொருத்தமான தமிழ். அகராதிகள் ‘இரக்கமற்ற’, ‘விட்டுக்கொடுக்காத’, ‘ஓயாத’ எனப் பலவாறு பொருள் கூறும். அவையும் தவறல்ல. எனினும் ‘இளகாத’ என்னும்போதுதான் அச்சொல்லின் எலும்பு தெரிகிறது.

இனி மாணவியின் ஐயத்திற்கு வருவோம். மழைக்கு அச்சொல் ஏன் பொருந்துகிறது? 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிலாங்கூரில் பெய்த மழையைப் பெற்றோர் எவரும் மறந்திருக்கமாட்டார். ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீட்டுக் கூரைமேல் ஏறி நின்று படகை எதிர்பார்த்தனர். கீழே நீர் ஏறிக்கொண்டிருந்தது. மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ‘போதும்’ என்று மனிதன் சொன்னான், வானம் கேட்கவில்லை. இதுவே ‘ரிலெண்ட்லெஸ்’. மழை நெடுநேரம் பெய்தது என்பது மட்டும் அதன் பொருளன்று. கெஞ்சுவோர் கீழே இருக்க, அவர்தம் குரல் செவியேறாமல் பெய்தது என்பதே பொருள்.

இக்குறிப்பை மாணவர்கள் மனத்தில் கொள்ளுதல் வேண்டும். ஆங்கிலேயர் இச்சொல்லை நெடுங்காலமாகச் சேர்த்து வழங்கி வந்த பெயர்களைப் பாருங்கள்: வெயில், பசி, கடன்காரன், துரத்தும் பகைவன். ஒவ்வொன்றின் எதிரிலும் களைத்துப்போன ஒருவர் நிற்கிறார். ‘சற்றுப் பொறு’ என்கிறார். அந்த ஒருவர் இல்லாத இடத்தில் இச்சொல்லுக்கு வேலை குறைவு. ‘விடாமுயற்சி’ அத்தகையதன்று. அது செய்பவனுக்கும் செயலுக்கும் இடையே உள்ள உறவு. கணக்கு ஒன்றைப் பத்து முறை போட்டுப் பதினோராம் முறை விடை காணும் மாணவன் எவரையும் வாட்டவில்லை. கணக்கு அழுவதில்லை அல்லவா?

விளையாட்டுத் திடலில் இச்சொல் வருவது நியாயமே. நம் நாட்டு ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட் எட்டு முறை உலக வாகை சூடியவர். அவரது ஆட்டத்தை ‘ரிலெண்ட்லெஸ்’ என்று ஒரு வருணனையாளர் சொன்னால் அது மெய்யான வருணனை. பந்து எந்த மூலைக்குப் போனாலும் திரும்பி வருகிறது; எதிர்நின்று ஆடுபவருக்கு மூச்சு வாங்குகிறது; இவர் இளகவில்லை. ஆயினும் அங்கே நான்கு சுவர் உண்டு, நடுவர் உண்டு, ஆட்டங்களுக்கு இடையே ஓய்வு உண்டு, முடிவில் கைகுலுக்கல் உண்டு. வாட்டப்படுபவரும் விரும்பியே உள்ளே வந்தவர். இத்தகைய வேலி கட்டிய இடத்தில் இளகாமை அழகாகவே இருக்கிறது.

அவ்வேலிக்கு வெளியே, ஒரு பிள்ளையின் படிப்பைக் குறித்து ‘ரிலெண்ட்லெஸ்’ என்று நாம் புகழும்போது, கெஞ்சுகின்றவர் யார்? இதுவே நான் பெற்றோர்முன் வைக்க விரும்பும் கேள்வி. வேறு எவரும் அங்கே இல்லை. கெஞ்சுவது அப்பிள்ளையின் கண், அதன் தூக்கம், சில வேளைகளில் அதன் வயிறு. இரவு பத்து மணிவரை துணைப்பாட வகுப்பில் அமர்ந்திருந்து, விடியற்காலை ஐந்தரைக்குப் பேருந்து ஏறி, முதல் பாட வேளையிலேயே மேசைமேல் தலைசாயும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களைத் தட்டி எழுப்பும் கடமை ஆசிரியருக்கு உண்டு. அக்கடமையை நாங்கள் செய்கிறோம். ஆனால் எழுப்பும்போது அப்பிள்ளையின் முகத்தைக் காண்பவரும் நாங்களே.

1988ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ‘ஏழு ஏ’ என்னும் எண்ணே ஒரு குடும்பத்தின் மானமாகக் கருதப்பட்ட காலம் அது. தேர்வு போய்விட்டது, அதனைச் சுற்றி வளர்ந்த பரபரப்பு போகவில்லை. முன்பு ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு மட்டும் இருந்த நெருக்கடி இப்போது மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கும் இறங்கிவிட்டதோ என்று ஐயுறுகிறேன். எதை நோக்கி ஓடுகிறோம் என்று தெரியாதபோதுதான் ஓட்டம் இன்னும் கடுமையாகிறது.

இக்கருத்தை ஒரு பெற்றோர் கூட்டத்தில் கூறியபோது, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் தாய் ஒருவர் எழுந்து நின்றார். “ஐயா, நீங்கள் இளகச் சொல்கிறீர்கள். எங்களுக்கு யாரும் இளகவில்லையே. நான் இளகினால் என் பிள்ளையும் இந்தக் காட்டில்தானே குனிந்து நிற்பான்?” என்றார். அவர் சொன்னது பொய்யன்று. கூட்டத்தில் இருந்த எவரும் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை.

அத்தாயின் சொல்லை எளிதாகத் தள்ளிவிட எனக்கு உரிமையில்லை. நம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்த நாள்முதல் அவர்மேல் செலுத்தப்பட்டது இளகாமை என்னும் ஆட்சியே. இருள் பிரியுமுன் அடித்த பிரட்டு மணி இளகவில்லை. பேர் அழைக்கும்போது ஒரு நொடி பிந்தி வந்தவனுக்கு அன்றைய கூலி போயிற்று. காய்ச்சலோடு வந்தவளை நோயாளி என்று நம்ப மறுத்த வாய்கள் உண்டு. ஒப்பந்த முறை மறைந்து கங்காணி முறை வந்தபின்னும் முன்பணக் கடன் என்னும் கயிறு அறுந்தபாடில்லை. ‘ரிலெண்ட்லெஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அன்றைய லயத்து மக்கள் கேட்டிருக்கமாட்டார்கள். அதன் பொருளை மட்டும் முதுகால் அறிந்திருந்தனர்.

ஆகவேதான் எனக்கு வியப்பு உண்டாகிறது. நம் பாட்டனார்மேல் சவுக்காக வீழ்ந்த ஒன்றை நம் பேரப்பிள்ளைகளுக்குப் பதக்கமாக அணிவிக்கலாமா? வறுமை இளகாதது என்பதால் வீடும் இளகாததாக வேண்டுமா? வெளியே வெயில் கடுமை என்பதற்காக எவரும் வீட்டுக் கூரையைப் பிரித்து எறிவதில்லை.

உழைப்பே வேண்டாம் என்று நான் கூறுவதாக எவரும் கருதிவிடக் கூடாது. உழைப்பில்லாமல் நம்மவர் எவரும் ஒரு படிகூட ஏறியதில்லை. நான் கேட்பது உழைப்பின் தன்மை பற்றியது. அதனை விளக்கத் தோட்டத்தைவிடச் சிறந்த பாடநூல் ஏது?

இன்று எங்கும் செம்பனை மயமாயினும், பால்மரம் வெட்டிய கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன் மரத்தடிக்குப் போவது ஏன்? அந்நேரத்தில் மரத்தின் உள்ளே நீர் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடும். அவர் பட்டையில் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுப்பார். சற்று ஆழ்ந்து உள்ளிருக்கும் வளர்படலத்தில் கத்தி பட்டால் அங்கே பட்டை முண்டு முண்டாகத் தடித்துவிடும். புதுப்பட்டை வளர்ந்து மறுசுற்று வரும்போது அவ்விடத்தில் சரியாக வெட்ட இயலாது. அன்றியும் ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டுவது வழக்கமன்று. ஒரு நாள் வெட்டினால் மறுநாள் விடுவது பரவலான முறை. இலையுதிர்ந்து துளிர்க்கும் பருவத்தில் வெட்டைக் குறைப்பதும் நிறுத்துவதும் உண்டு. பேராசையால் ஓயாமல் வெட்டப்பட்ட மரம் என்ன செய்யும்? வெட்டுவரி காய்ந்து பால் நின்றுவிடும். பிறகு எவ்வளவு கூரிய கத்தி இருந்து என்ன பயன்?

இம்முறைக்கு வழிகாட்டியவருள் தலையாயவர் ஹென்றி ரிட்லி. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற அவர், ரப்பரைப் பயிரிடுமாறு தோட்ட முதலாளிமாரை ஓயாது வற்புறுத்தினார். சட்டைப்பையில் விதைகளை நிரப்பிக்கொண்டு போய்க் கொடுத்தார் என்பர். காப்பியில் இலாபம் கண்டிருந்தவர்கள் அவரைப் ‘பித்தர் ரிட்லி’ என்று ஏளனம் செய்தனர். அவர் தளரவில்லை. நூறாண்டு நிரம்ப வாழ்ந்து 1956ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய முயற்சி விடாமுயற்சிதான். ஆனால் அவர் கண்ட வெட்டுமுறையோ மரத்திற்கு இளகிய முறை. அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பாலெடுத்த வழக்கத்திற்கு மாறாக, அதே வெட்டுவரியை மெல்லச் சீவிப் புதுப்பித்து, மரம் பட்டுப்போகாமல் பல்லாண்டு பயன்தரச் செய்யலாம் என்று காட்டினார். மனிதர் தம் நோக்கத்தில் உறுதியாயிருந்தார், கத்தி மென்மையாயிருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே இருக்கக் கூடும் என்பதற்கு இந்நாட்டு ரப்பர்த் தொழிலே சான்று.

நம்மவரிடையேயும் சான்று உண்டு. 1957ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றதையொட்டி வெளிநாட்டு முதலாளிமார் பலர் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நாம் சொல்வது அதுவே. வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் எத்தனையோ! அத்துண்டாடலுக்கு ‘ரிலெண்ட்லெஸ்’ என்னும் சொல் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தும். அதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அமைச்சராயிருந்தும் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரைச் சேர்த்தார். கூலி வாங்குபவன் முழுப் பங்குத் தொகையை ஒரே முறையில் எங்ஙனம் கட்டுவான்? ஆகையால் சிறு தவணைகளாகச் செலுத்த வழி செய்யப்பட்டது. அச்சிறு காசுகள் சேர்ந்தே தொழிலாளர் பெயரில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஊர் ஊராக அலைந்தது விடாமை. தவணையில் பெற்றது இளக்கம். இளகாமல் மொத்தமாகக் கேட்டிருந்தால் சங்கம் தொடங்கிய இடத்திலேயே முடிந்திருக்கும்.

இவ்வாறு உறுதிக்கும் கொடுமைக்கும் இடையே ஒரே சொல் ஊசலாடுவது ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதென்று கருத வேண்டா. ‘வன்கண்’ என்னும் நம் பழஞ்சொல்லைத் திருவள்ளுவர் இரண்டு இடங்களில் இரண்டு முகத்தோடு ஆண்டிருக்கிறார். அமைச்சு அதிகாரத்தில் அமைச்சனுக்கு வேண்டிய தகுதிகளுள் ஒன்றாக அதனை வைக்கிறார். அங்கே அது அஞ்சாமை. ஈகை அதிகாரத்திலோ, கொடுத்து மகிழத் தெரியாமல் பொருளைச் சேர்த்துவைத்து இழப்பவரை அதே சொல்லால் சுட்டுகிறார். அங்கே அது ஈரமின்மை. சொல் மாறவில்லை, எதிரே நிற்பவர் மாறினார். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்து நம்மை உழைக்கத் தூண்டும் அப்பெருந்தகை, அவற்றிற்குச் சற்று முன்னரே கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தையும் வைத்துள்ளார். ஆள்வோனுக்கே கண்ணோட்டம் வேண்டுமெனில் தாய் தந்தையர்க்கு வேண்டாமா?

மாணவர்களே, தேர்வுத்தாளில் என்ன எழுதுவது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ‘ரிலெண்ட்லெஸ்’ என்பதை நன்முயற்சிக்கு அடையாக இன்றைய ஆங்கிலேயரும் எழுதுகின்றனர். அகராதிகளும் அதற்கு இடமளிக்கின்றன. ஆகையால் எழுதினால் பிழையென்று எவரும் அடிக்கமாட்டார். எனினும் ‘பெர்சிவியரன்ஸ்’, ‘டிட்டெர்மினேஷன்’ ஆகிய சொற்கள் அங்கே இன்னும் தெளிவாகப் பொருள் தரும். மலாய்க் கட்டுரையில் நீங்கள் ‘உசாஹா கிகிஹ்’ என்று எழுதுகிறீர்களே, அச்சொல்லில் கொடுமையின் நிழலே இல்லை. தமிழில் விடாமுயற்சி, தளரா ஊக்கம், தாளாண்மை என்று செல்வம் குவிந்து கிடக்கிறது. ‘ரிலெண்ட்லெஸ்’ என்பதை மழைக்கும் வெயிலுக்கும் விலைவாசிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள் வைத்துள்ளேன். பரிசளிப்பு விழாச் சான்றிதழில் ஆங்கில வாசகம் அச்சிடும்போது இச்சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்பது ஒன்று. மூன்றாம் ஆண்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை இரவுநேர வகுப்புக்கு அனுப்புவதைக் குறைக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது உடனே நடக்கும். இரண்டாவதற்குப் பல கூட்டங்கள் தேவைப்படும் என்று அறிவேன், நானும் விடப்போவதில்லை.

இச்சொல்லைக் கற்பித்து முடித்த மறுநாள், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ‘ரிலெண்ட்லெஸ்’ என்பதற்குத் தகுந்த மூன்று பொருள்களை எழுதிவருமாறு பணித்தேன். வெயில் என்றும், கொசு என்றும், தவணைப்பணம் கேட்டு வீட்டு வாசலில் நிற்கும் மனிதர் என்றும் பலர் எழுதியிருந்தனர். கேள்வி கேட்ட அந்த மாணவியின் ஏட்டில் மூன்றாவதாக இருந்தது, ‘தலைமையாசிரியர் ஐயாவின் சிவப்பு மைப் பேனா’. சொல் சரியான இடத்தில் வந்திருந்தமையால் முழு மதிப்பெண் வழங்கினேன்.